கேளிக்கைப் பூங்காவுக்கு நல்ல நாள் பார்ப்பது: பேராக், சுங்கை சிப்புட் குடும்பங்களுக்கு

தண்ணீர்ச் சறுக்கில் ஒரு ரப்பர் மிதவைக்கு 4 பேர். ஆளை ஏற்றி, கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, தள்ளிவிட 40 விநாடி ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 90 மிதவை, அதாவது 360 பேர். உங்களுக்கு முன்னால் 60 பேர் நின்றால் 10 நிமிடத்தில் ஏறிவிடலாம். 360 பேர் நின்றால் ஒரு மணி நேரம் படிக்கட்டில்தான். கூட்டம் கூடிவிட்டது என்பதற்காக மிதவை வேகமாகப் போகாது. அலைக்குளத்தில் கூடுதலாக 200 பேர் இறங்கினாலும் பெரிதாகத் தெரியாது. அதே 200 பேர் ஒரு சறுக்கின் வரிசையில் சேர்ந்தால் உங்கள் நாளில் அரை மணி நேரம் போய்விடும். பிள்ளைகள் ஆசைப்பட்டு வருவதோ சறுக்குக்குத்தான்.

தோட்டத்துக் குடும்பத்துக்கு இப்படி ஒரு பயணம் ஆண்டுக்கு ஒரு முறை அமைந்தாலே பெரிது. வேன் வாடகை, நுழைவுச் சீட்டு, சாப்பாடு எல்லாம் கூட்டமான நாளுக்கும் காலியான நாளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆறு சறுக்கு ஏறினோமா, இரண்டோடு திரும்பினோமா என்பதை முடிவு செய்வது நீங்கள் போகும் தேதி.

யார் வீட்டில் லீவு என்று பாருங்கள்

"வார நாளில் போ, கூட்டம் இருக்காது" என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. எந்தக் கிழமை என்பதைவிட, அந்தப் பூங்காவுக்கு வழக்கமாக வரும் மக்களுக்கு அன்று விடுமுறையா என்பதே முக்கியம். பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதையும் அதிகம் பார்க்க வேண்டாம். கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் பகாங்கில் இருக்கிறது. அங்கே கூடுவது கோலாலம்பூர், சிலாங்கூர், சிங்கப்பூர் மக்கள். பகாங்கில் மட்டும் லீவு என்றால் அங்கே பெரிய மாற்றம் தெரியாது. பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினம் என்றால் தெரியும். நமக்குப் பக்கத்தில் இருக்கும் லோஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்புனுக்கு ஈப்போ மட்டுமல்ல, பினாங்கும் கெடாவும் வருகின்றன. ஆகவே ஜூலை 7, ஜார்ஜ் டவுன் பாரம்பரிய தினத்துக்குப் பினாங்கில் விடுமுறை விட்டால் நமக்கு அது சாதாரண நாளாக இருந்தாலும் தம்புனில் பினாங்கு எண் வண்டிகள் நிற்கும்.

வார இறுதியிலும் இதே கதைதான். கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களுக்கு வெள்ளியும் சனியும் ஓய்வு. மற்ற மாநிலங்களுக்குச் சனியும் ஞாயிறும். இரண்டிலும் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான், நாடு முழுவதும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாள். வார இறுதியை விட்டால் வழியில்லை என்பவர்கள் சனியைத் தவிர்த்து ஞாயிறு போகலாம். ஞாயிறன்று கெடாக்காரர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள்; தூரத்திலிருந்து வந்தவர்கள் மறுநாள் பள்ளியை நினைத்து இரண்டு மணிக்கே கிளம்பத் தொடங்குவார்கள். ஒரு விதிவிலக்கு, ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. அது கெடா சுல்தான் பிறந்தநாள், கெடாவுக்கும் அன்று லீவு. அந்த ஞாயிறு தம்புனுக்கோ பினாங்குப் பூங்காக்களுக்கோ போக வேண்டாம்.

ஜொகூரைப் பற்றிய பழைய அறிவுரை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது: "லெகோலண்டுக்கு ஞாயிறு போ, ஜொகூரில் அன்று வேலை நாள்." ஜொகூர் 2014 முதல் வெள்ளி, சனி ஓய்வு எடுத்தது உண்மை. 2025 சனவரி 1 முதல் அது சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. அந்த அறிவுரையை நம்பி இவ்வளவு தூரம் வண்டி ஓட்டாதீர்கள். லெகோலண்டுக்குச் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையும் பார்க்க வேண்டும்: மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய. அந்த வாரங்களில் செவ்வாய், புதன்கூட அங்கே வார இறுதிதான்.

குதிரைக் காலண்டரும் ஒரு பென்சிலும்

நம் வீடுகளில் சுவரில் தொங்கும் குதிரைக் காலண்டரே இதற்குப் போதும். குதிரைப் பந்தய நாள்களோடு மாநில விடுமுறைகளையும் பள்ளி விடுமுறைகளையும் அது சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும். எந்த மாநிலத்துக்கு என்ற குறிப்பும் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள். கழற்றி மேசையில் வைத்து, போகக் கூடாத நாள்களை முதலில் பென்சிலால் அடியுங்கள்.

பள்ளி விடுமுறை வாரங்கள் அனைத்தையும் அடிக்க வேண்டும். பள்ளிகள் இரு பிரிவு. கெடா, கிளந்தான், திரங்கானு ஒரு பிரிவு. நாம் உட்பட மற்றவர்கள் இன்னொரு பிரிவு. இரண்டுக்கும் ஒரு நாள்தான் வித்தியாசம், ஆனால் அந்த முதல் வெள்ளியையும் சேர்த்து அடியுங்கள். பள்ளி ஆண்டு 2026 முதல் மீண்டும் சனவரியில் தொடங்குகிறது. பழைய மார்ச் தவணையை மனத்தில் வைத்துக்கொண்டு "சனவரி, பிப்ரவரி நீண்ட லீவு" என்று திட்டம் போட்டால் தப்பாகிவிடும்.

அடுத்து, கூட்டரசுப் பொது விடுமுறைகள். ஞாயிறன்று வருவதற்குத் திங்களில் மாற்று விடுமுறை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். வியாழனில் ஒரு விடுமுறை வந்தால் வெள்ளியையும் சேர்த்து அடியுங்கள், அலுவலகக்காரர்கள் அந்த ஒரு நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்து நான்கு நாளாக்கிக்கொள்வார்கள். செவ்வாயில் வந்தால் திங்களும் அப்படித்தான். சீனப் பெருநாளுக்கு இரண்டு நாளோடு நிறுத்தாமல் அந்த வாரம் முழுவதையும் அடியுங்கள்.

மூன்றாவதாகப் பள்ளிச் சுற்றுலா. பள்ளி ஆண்டு முடியும் தறுவாயில், தேர்வெல்லாம் ஓய்ந்த பிறகு, ரொம்பொங்கான் (சுற்றுலாக் குழு) பேருந்துகள் வார நாளில்தான் வரும். ஒரே நாளில் ஐந்தாறு பேருந்து வந்து நின்றால் புதன்கிழமை என்பதற்கு அர்த்தமே இல்லை. பெரும்பாலும் திறக்கும் நேரத்துக்கு வந்து, மூன்று மூன்றரைக்குப் பிள்ளைகளை எண்ணி ஏற்றிவிடுவார்கள். தேதி முடிவானதும் பூங்காவுக்குத் தொலைபேசியில் அழைத்து "அன்றைக்குப் பள்ளிக் குழுக்களோ கம்பெனிக் குடும்ப தினமோ பதிவாகியிருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். கேட்பவர்தான் குறைவு.

மாதக் கடைசியில், சம்பளம் கைக்கு வந்த முதல் வார இறுதியையும் முடிந்தால் விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பது என்ன? பெரும்பாலும் பள்ளி நடக்கும் வாரங்களின் வேலை நாள்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு மட்டம் போட வைத்துப் போகச் சொல்வது இந்த வழிகாட்டியின் நோக்கம் இல்லை. நமக்கு லீவு, அந்தப் பூங்காவுக்கு வழக்கமாக வருபவர்களுக்கு இல்லை என்று அமையும் நாள்கள் ஆண்டில் சில உண்டு. அவற்றைத் தேடுங்கள்.

பேராக் குடும்பத்துக்கு அமையும் நாள்கள்

முதலாவது, நவம்பர் மாதத்தின் முதல் வெள்ளி, பேராக் சுல்தான் பிறந்தநாள். பேராக்கில் பள்ளியும் இல்லை, வேலையும் இல்லை. தம்புன் அன்று நிரம்பும், அங்கே போகாதீர்கள். அதே வெள்ளி சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் சாதாரண வேலை நாள். சிலாங்கூரில் இருக்கும் சன்வே லகூன் பூங்காவுக்குப் போக பேராக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைப்பது அரிது. தீபாவளி எப்போது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2026-இல் இந்த விடுமுறை நவம்பர் 6-ஆம் தேதி வருகிறது, தீபாவளி 8-ஆம் தேதி. முறுக்குப் பிழிந்துகொண்டிருக்கும் நேரத்தில் யாரும் சன்வே போகமாட்டார்கள். அந்த ஆண்டுக்கு வேறு நாள் பார்க்க வேண்டியதுதான்.

இரண்டாவது, நோன்பு மாதம் முழுவதும். பகலில் முஸ்லிம் குடும்பங்கள் வரமாட்டா, ரொம்பொங்கானும் இருக்காது. அந்த மாதத்தின் 17-ஆம் நாளான நுசுல் அல்-குர்ஆன் பேராக்கில் பொது விடுமுறை. பிள்ளைகளுக்குச் சட்டப்படி லீவு, நாட்டின் பெரும்பான்மையினருக்கு நோன்பு. வார நாளில் இப்படி இரண்டும் ஒன்றாகச் சேர்வது அரிது. சீனக் குடும்பங்கள் வரும், ஆகவே வெறிச்சோடி இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆனால் மற்ற பொது விடுமுறைகளைப் போல நெரியாது. நோன்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும். 2027-இல் இந்த விடுமுறை பிப்ரவரி 24 வாக்கில், புதன்கிழமை வருகிறது. பிறையைப் பொறுத்து ஒரு நாள் மாறலாம். சீனப் பெருநாளின் பதினைந்து நாளும் அதற்குள் முடிந்துவிடும். பால்மரம் இலையுதிர்த்து நிற்கும் காலமும் அதையொட்டியே வருவதால், பால்வெட்டுக்காரர்களுக்கு அப்போது ஒரு நாள் லீவு கேட்பது எளிது. செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள் குலை அதிகம் விழும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை லீவு கேட்காமல் இருப்பது நல்லது. கேட்டாலும் மண்டோர் தலையாட்டமாட்டார்.

நோன்பு மாதத்தில் சில பூங்காக்கள் நேரத்தைக் குறைக்கும், சில சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பிருக்கும் ஊழியர்கள் முன்னால் சாப்பிட்டுக்கொண்டே நடக்காமல் உட்கார்ந்து சாப்பிடுவது மரியாதை.

மூன்றாவது, பள்ளி தானாக விடும் பெரிஸ்திவா விடுமுறை. தமிழ்ப்பள்ளிகளில் இதில் ஒன்றிரண்டைத் தீபாவளியோடு ஒட்டிக்கொள்வது வழக்கம். ஆனால் விளையாட்டுப் போட்டிக்கு மறுநாளோ வேறு காரணத்துக்கோ தனியாக விழும் நாளும் உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளியின் தக்விமை (ஆண்டு நாட்காட்டியை) கேட்டு வாங்கி அதையும் காலண்டரில் வட்டமிடுங்கள். பிள்ளைகள் இரண்டு பள்ளியில் படித்தால் இரண்டு தக்விமும் வேண்டும். ஒருவருக்கு லீவு, ஒருவருக்குப் பள்ளி என்று ஆகி, கடைசியில் தங்கையை அழவிட்டுப் போக நேரும்.

தைப்பூசத்தையும் சொல்ல வேண்டும். நாம் ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலில் காவடிக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்போம் என்பதால் அன்று பூங்கா காலியாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பேராக், பினாங்கு, சிலாங்கூர், கோலாலம்பூர் நான்குக்கும் அன்று விடுமுறை. கோயிலுக்குப் போகாத குடும்பங்கள் எல்லாம் பூங்காவில் இருக்கும்.

தேதியைச் சோதிக்க ஒரு வழி

வட்டமிட்ட தேதி சரிதானா என்பதைப் பூங்காவை ஒட்டிய ஓட்டலின் அறை விலை சொல்லிவிடும். பதிவு செய்யப் போவதில்லை என்றாலும், ஓட்டல் தளத்தில் உங்கள் தேதியைப் போட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் இரண்டு வாரம் அதே கிழமையின் விலையையும் பாருங்கள். உங்கள் தேதி மட்டும் தூக்கலாக இருந்தால், உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அன்று இருக்கிறது: மாநாடு, போட்டி, எங்கோ ஒரு விடுமுறை. ஓட்டல்காரர்கள் அதைப் பல மாதம் முன்பே அறிவார்கள். நாளுக்கு நாள் சீட்டு விலை மாறும் பூங்காக்களில் சீட்டு விலையே இந்த வேலையைச் செய்யும்.

இன்னொன்று, பூங்காக்கள் பல பள்ளி நடக்கும் வாரங்களில் ஒரு நாள் மூடிவிடும், பெரும்பாலும் செவ்வாய். காலியான நாளாகப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் மூடிய நாளில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்து நிற்பவர்கள் உண்டு. இதைத் தவிர்க்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அதே அழைப்பில் எந்தச் சறுக்கு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். பழுதுபார்க்கும் வேலைகளைக் கூட்டமில்லாத வாரங்களில்தான் வைப்பார்கள். நாம் தேடிப் போவதும் அதே வாரங்கள்.

தேதியிட்ட சீட்டை மழைக்காக மாற்ற முடியுமா என்பதைப் பணம் கட்டும் முன் படியுங்கள். மலேசியர் விலைக்கு அடையாள அட்டையான மைகார்டும், பிள்ளைகளுக்கு மைகிட்டும் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்தை ஏற்காத கவுண்டர்கள் உண்டு.

வண்டியும் நேரமும்

வார நாளில் போவதில் ஒரு சிக்கல்: தோட்டத்தில் எல்லாரும் கூப்பிடும் பள்ளி வேன்காரர் அன்று காலையும் மதியமும் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். ஒரு மாதம் முன்பே வேறு வண்டி பேசிவையுங்கள். சுற்றுலாவுக்கு ஆள் ஏற்றும் உரிமமும் காப்புறுதியும் உள்ள வண்டியா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தம்புனுக்குச் சிம்மோர் வழிப் பழைய சாலையில் 30 கிலோமீட்டர் சொச்சம்தான். கதவு திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பு அங்கே இருக்கும்படி கிளம்பினால் போதும். சன்வேக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வேலை நாளில் கோலாலம்பூர் எல்லையைக் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் தொட்டால் அலுவலக நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். பூங்கா வழக்கமாகப் பத்து மணிக்குத்தான் திறக்கும். ஆகவே ஆறரைக்குக் கிளம்பி, பெருவழிச்சாலை ஓய்விடத்தில் பசியாறி, ஒன்பதரை வாக்கில் நுழைவது சரியாக வரும். இரயில் விரும்புபவர்களுக்கு: இடிஎஸ் விரைவு இரயிலில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து கிள்ளான் துறைமுகம் போகும் கொமுட்டர் இரயிலில் செத்தியா ஜெயா, அங்கே பிஆர்டி பேருந்துக்கு மாறினால் சன்வே லகூன் நிலையம். சீட்டு இருக்கை எண்ணோடு வருவதால் இடிஎஸ்ஸை முன்கூட்டியே எடுங்கள்.

கட்டுச்சோறு கொண்டுபோவது நல்லது, ஆனால் பெரும்பாலான பூங்காக்கள் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடா. வண்டியில் வைத்துச் சாப்பிட வேண்டும்; வெளியே போய்த் திரும்பிவர கைப்பட்டை அனுமதிக்குமா என்று நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். புளிச்சோறு மதியம் வரை தாங்கும். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மதியத்துக்குள் ஊசிப்போகும். அதைக் காலைப் பசியாறலோடு முடித்துவிடுங்கள்.

முதல் நாள் இரவே செய்ய வேண்டியவை இரண்டு. பிள்ளைகளை வெறுங்காலோடு கதவு நிலையில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடிட்டு அளந்து பாருங்கள். பல பெரிய சறுக்குகளுக்கு 120 சென்டிமீட்டர் வேண்டும். அங்கே போய் 118 என்று தெரிந்தால் பிள்ளையின் முகம் பார்க்க முடியாது. பிறகு நகை. சறுக்கின் வேகத்தில் தோட்டின் திருகாணி சுழன்று கழன்றுவிடும். அரை கிராம் திருகாணி நீல நிறக் குளத்தின் அடியில் விழுந்தால் கிடைக்காது. தோடு, சங்கிலி, கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவையுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாத அம்மாமார்கள் இறுக்கமான நீச்சல் உடைக்குள் ஊக்கு போட்டு மாட்டிக்கொள்ளலாம். உடை நைலானோ லைக்ராவோ இருக்கட்டும். பருத்திச் சட்டை, ஜீன்ஸ், பொத்தான் வைத்த காற்சட்டை போட்டிருந்தால் சறுக்கின் உச்சியிலிருந்து திருப்பி இறக்கிவிடுவார்கள்.

உள்ளே போன பிறகு

முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஏறி முடிப்பது நாளின் பாதிக்குச் சமம். எல்லாரும் வாசலுக்கு அருகில் இருப்பதில் நின்றுவிடுவார்கள். நீங்கள் பெட்டகத்தில் பையை வைத்துவிட்டு நேரே கடைசிக்குப் போங்கள், அதிலும் ஒரு தடவைக்குக் குறைவான ஆளை ஏற்றும் சறுக்கை முதலில் முடியுங்கள். 2 பேர் மிதவை முன்னே, 6 பேர் மிதவை பின்னே. எந்த வரிசையிலும் சேரும் முன் ஒரு நிமிடம் நின்று, எத்தனை மிதவை இறங்குகிறது என்று எண்ணுங்கள். முதலில் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 நிமிடத்துக்கு மேல் வந்தால் நகர்ந்துவிட்டுப் பிறகு வாருங்கள்.

மதியச் சாப்பாட்டைப் பதினொன்றேகாலுக்கோ இரண்டரைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் தட்டோடு நிற்கும் பன்னிரண்டரை முதல் இரண்டு வரை சறுக்குகளில் வரிசை குறையும். அலைக்குளம், சோம்பேறி ஆறு, விலங்குகள், தம்புனில் புலி எல்லாவற்றையும் வெயில் ஏறி வரிசை நீளும் முற்பகல் கடைசிக்கு விட்டுவையுங்கள். தம்புனின் வெந்நீர் ஊற்றில் பிள்ளைகளைப் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் காலை மட்டும் நனைத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் பிற்பகல் இடி சகஜம். ஈப்போப் பக்கம் மலையில் கருத்தால் அரை மணியில் மழை வந்துவிடும். மின்னல் தெரிந்ததும் எல்லாச் சறுக்கையும் நிறுத்துவார்கள், பணம் திரும்பாது. அந்த மாதங்களில் போனால் முக்கியமான எல்லாவற்றையும் ஒரு மணிக்குள் முடித்துவிடும் திட்டத்தோடு போங்கள். மழை பிடித்தவுடன் பாதிப் பேர் உடை மாற்றப் போய்விடுவார்கள். நீங்கள் கூரைக்கடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு, சூடாக மைலோ வாங்கிக் குடித்தபடி காத்திருங்கள். மழை ஓய்ந்து சறுக்குகள் திறக்கும்போது நாலு மணி ஆகியிருக்கும், ரொம்பொங்கான் பேருந்துகள் கிளம்பியிருக்கும். காலையில் கைவிட்ட நீண்ட வரிசைக்கு அப்போது முதலில் போங்கள்.